குறை மணி

நான் ஆம்பூர்க்காரி. என் அம்மா தோல் மண்டியில் ஆவாரம்பட்டை இடித்தாள். தோலைப் பதம் செய்ய அந்தப் பட்டைதான் வேண்டும். நானும் இடித்தேன். நாலாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தேன். கல்யாணம் ஆனது. அவர் பினாங்குக்குக் கப்பலேறினார். அதன் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா பட்டைத் தூசி நெஞ்சில் அடைத்துச் செத்தாள். கடைசி நாட்களில் அவள் துப்பியதும் பட்டை நிறத்தில்தான் இருந்தது.

பெண்கள் பள்ளியில் கும்மி சொல்லிக்கொடுத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சர்ச்சில் அறுப்புப் பண்டிகை நெருங்கியது. பிள்ளைகளை ஆடவைக்க ஆள் இல்லை. எனக்குப் பாட்டுகள் தெரியும் என்று கூப்பிட்டார்கள். பண்டிகை முடிந்தது. இருந்துகொள் என்றார்கள். இருந்தேன். கோடையில் பள்ளி மூடும்போது மட்டும் மண்டிக்குப் போய்ப் பட்டை இடிப்பேன். பள்ளி திறந்தால் கும்மி. இப்படிச் சில வருஷம் ஓடியது.

பிறகு ஒரு உத்தரவு வந்தது. பயிற்சி இல்லாத பாட்டு டீச்சர், தையல் டீச்சர், கைவேலை டீச்சர் யாரும் இனி வேலையில் இருக்கக் கூடாது. கோடையில் வேலூருக்குப் போய்ப் பயிற்சியில் தேறி வர வேண்டும். எங்கள் தலைமை அம்மாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தேறினா வா. தேறலைன்னா இந்தப் பக்கம் வர வேணாம். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். தேறாவிட்டால் எனக்கு வருஷம் முழுக்க மண்டிதான். அம்மா துப்பியது கண் முன்னால் வந்தது. துணியை மூட்டை கட்டினேன்.

வேலூர்க் கோடை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலையெல்லாம் பாறை. பகலில் குடித்த வெயிலைப் பாறை சாயங்காலம் கக்கும். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். பள்ளிக்கு விடுமுறை. வெள்ளையடிக்கிற வேலை நடந்தது. ஒரு பக்கம் அவர்கள் சுவரைச் சுரண்டுவார்கள். மறு பக்கம் நாங்கள் பாடுவோம்.

பயிற்சி கொடுத்த அம்மாள் மதராஸிலிருந்து வந்தவர். ஒல்லி. கையில் கடிகாரம் கட்டியிருப்பார். உரக்கப் பேச மாட்டார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய். அதுவரை நான் பாடுவேன், பிள்ளைகள் என்னைப் பார்த்து ஆடும், பிடித்துக்கொண்டது பிடித்துக்கொள்ளும், மற்றது விழிக்கும். அவர் சொன்னார்: "பாட்டு தெரிஞ்சா போதாது. பாட்டைப் பிரிக்கத் தெரியணும். முதல்ல அடி. அப்புறம் தாளம். அப்புறம் சொல்லு. கடைசிலதான் ராகம்." அப்படிச் செய்து பார்த்தேன். மந்தமான பிள்ளையும் ஆடியது. அது அவர் கொடுத்தது.

அவர் கொடுத்த இன்னொன்று குறை மணி.

ஒவ்வொரு நாளும் ஒருத்தி பாடம் நடத்த வேண்டும். பக்கத்துத் தெருக்களிலிருந்து பெண் பிள்ளைகளை அதற்கென்று வரவழைப்பார்கள். மற்றவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் அம்மாள் மேசை மணியைத் தட்டுவார். பாடம் நடத்தியவள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பெஞ்சில் இருப்பவர்கள் வரிசையாக எழுந்து ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். நிற்பவள் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்ததும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

ஒருத்தி சொன்ன குறையை அடுத்தவள் சொல்லக் கூடாது. புதிதாகச் சொல்ல வேண்டும். குறை சொல்பவளுக்கும் மார்க் உண்டு. சொல்லாதவளுக்கு இல்லை. பாடத்துக்கு எவ்வளவு மார்க்கோ, குறை சொல்வதற்கும் அவ்வளவு. "குறை தெரியாதவ சொல்லிக்கொடுக்க மாட்டா" என்பார் அம்மாள்.

எங்களை ஊர்ப் பெயர் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அரக்கோணம் முதலில். ஆம்பூர் அடுத்து. இப்படியே போய்க் கடைசியில் வாலாஜாபேட்டை. நாங்கள் ஒருவரையொருவர் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அரக்கோணம் ரயில்வேக்காரர் பெண்டாட்டி. நல்ல வாய். முதல் குறை எப்போதும் அவளுடையது. தேடவே வேண்டியதில்லை. குடியாத்தத்துக்காரி கோலாட்டம் நடத்திய அன்று எழுந்து நின்று சொன்னாள்:

"முந்தானை தரையெல்லாம் கூட்டுதுங்கம்மா. பள்ளிக்கூடத்துக்குத் தொடப்பச் செலவு மிச்சம்."

எல்லோரும் சிரித்தோம். குடியாத்தத்துக்காரி பலகை ஓரம் நின்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். மறுநாள் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. அம்மாள் அரக்கோணத்துக்கு மார்க் போட்டார்.

நான் இரண்டாவது ஆள். எனக்கும் குறை எளிதில் கிடைத்தது. வாலாஜா அப்படி இல்லை. அவள் முறை வருவதற்குள் குரல், நிற்பது, புடவை, தாளம், பலகை எழுத்து எல்லாம் போயிருக்கும். எழுந்து நிற்பாள். வாய் அசையும். அம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"புதுசா ஒண்ணு."

"எல்லாரும் சொல்லிட்டாங்கம்மா."

"அப்ப உக்காரு."

பெரும்பாலான நாள் வெறும் ஆளாக உட்கார்ந்தாள்.

அவளும் நானும் பாய் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தோம். என்னைவிட மூத்தவள். வெற்றிலை போடுவாள். கோலாட்டம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். கை நடுக்கம் வந்து தறி நின்றுபோயிருந்தது. இவள் வேலைதான் வீட்டில் அடுப்பு. தேறாவிட்டால் என்னைப் போல அவளுக்கும் வேலை போய்விடும். அதனால் பேச்சு ஒத்துப்போனது. கொண்டுவந்த முறுக்கைப் பாதியாக உடைத்துப் பெரியதை எனக்குத் தருவாள்.

"தின்னுடி ஆம்பூரு. ஒடம்பப் பாரு, கோலாட்டக் குச்சி கணக்கா."

"நீ தின்னுக்கா."

"நான் தின்னா தரை தாங்காது."

அவளிடம் மட்டும்தான் நான் மண்டி வேலையைச் சொன்னேன். கை காட்டினேன். பட்டை இடித்தால் உள்ளங்கையில் பழுப்புக் கறை ஏறும். ரேகையில் கறுப்பாக நிற்கும். பயிற்சிக்கு வருகிற வரைக்கும் இடித்துக்கொண்டிருந்ததால் அது போகவில்லை. மற்றவர்கள் பார்க்காமல் கையை மூடியே வைத்திருந்தேன். சாப்பிடும்போது பாத்திரத்தைக் கிட்டே இழுத்துக்கொள்வேன். பாடத்துக்கு வருகிறவை வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள், உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள். தோல் மண்டிக் கை என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆம்பூரில் பார்த்திருக்கிறேன்.

என் பாடம் திங்கட்கிழமை. கும்மி. கும்மியில் கையை மூட முடியாது.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். வெள்ளையடிக்கிறவர்கள் சுண்ணாம்பை அண்டாவில் ஊறவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அது கண்ணில் பட்டது. மண்டியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டால் மயிர் தானாகக் கழன்று வரும். அழுக்கு, சதை எல்லாம் விட்டுவிடும். தோல் வெள்ளையாக வரும். சின்ன வயசிலிருந்து பார்த்தது.

"அக்கா, ஒரு கொட்டாங்குச்சில அதைக் கொஞ்சம் மொண்டு வரியா?"

"இன்னாத்துக்குடி?"

"கைக்கு."

"வெந்துடும்டி. ஊறின சுண்ணாம்பு."

"மயிரையே எடுக்குதுக்கா. கறைய எடுக்காதா?"

அவள் கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்தாள். மொண்டு வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் அப்பித் துணி சுற்றிக்கொண்டேன். முதலில் சுருக்கென்றது. பிறகு எரிந்தது. பல்லைக் கடித்தேன். எரிகிறது என்றால் எடுக்கிறது என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"போதும்டி. கழுவிடு."

"இன்னும் கொஞ்சம்."

கழுவியபோது கறை போகவில்லை. முன்பைவிடக் கறுத்திருந்தது. பட்டைக் கறையைச் சுண்ணாம்பு இன்னும் கறுக்க வைக்கும். அது எனக்குத் தெரியாது. மண்டியில் முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் பட்டை. பட்டைக்குப் பிறகு சுண்ணாம்பு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. தோல் வெந்து வெடித்திருந்தது. விரலை நீட்டினால் பிளந்தது. அவள் விளக்கெண்ணெய் தடவினாள்.

திங்கட்கிழமை பாடம் நடத்தினேன். பாட்டு நானே கட்டினது.

"பாலாத்து மணலிலே பள்ளம் பறிக்கலாம் வாங்கடி,
பள்ளத்துத் தண்ணியில பானை நிரப்பலாம் வாங்கடி."

கோடையில் பாலாற்றில் மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுப்போம். பிள்ளைகளுக்கு அது தெரியும். அடியைப் பிரித்துச் சொன்னேன். காலை வைக்கச் சொன்னேன். அதுவரை நன்றாகப் போனது. கை தட்ட வேண்டிய இடம் வந்தது. தட்டினேன். சத்தம் வரவில்லை. ஈரத் துணியை அடித்தாற்போல இருந்தது. முன்னால் நின்ற பெண் பார்த்துவிட்டது.

"டீச்சர், உங்க கை இன்னா இப்டி கீது?"

"பாட்டப் பாரு."

"கறுப்பா கீது டீச்சர். ரத்தம் வேற."

இரண்டு பிள்ளைகள் பின்னால் போனார்கள். வட்டம் உடைந்தது. நான் பாடிக்கொண்டே வட்டத்தைச் சேர்க்கப் போனேன். கையை நீட்டினேன். யாரும் பிடிக்கவில்லை. மீதிப் பாட்டை நான் தனியாகப் பாடி முடித்தேன்.

மணி அடித்தது. பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கை தட்டினது காதுல விழலம்மா. கும்மின்னாங்க, ஊமைப் படம் ஓடினாப்புல கீது" என்றாள் அரக்கோணம். சிரித்தார்கள்.

அடுத்தவள் வட்டம் உடைந்ததைச் சொன்னாள். அடுத்தவள், பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றாள். குரல் நடுங்கியது என்றாள் ஒருத்தி. கையில் புண்ணோடு பிள்ளைகள் முன்னால் நிற்கலாமா என்றாள் இன்னொருத்தி. எல்லாம் உண்மை. நான் சுவரைப் பார்த்தேன். வாலாஜா எழுந்தாள்.

"புதுசா ஒண்ணு" என்றார் அம்மாள்.

அவள் வாய் அசைந்தது. அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். வாலாஜா என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்.

"அது புண்ணு இல்லீங்கம்மா. சுண்ணாம்பு போட்டு சுட்டுக்கினா. தோல் மண்டில பட்டை இடிக்கிற கறை. பசங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சா."

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் என் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் புடவையை இழுத்துக்கொண்டாள். நான் இன்னும் அங்கே வந்து உட்காரவே இல்லை. இருந்தும் இழுத்துக்கொண்டாள்.

அம்மாள் என் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்தார்.

"கறை குறை இல்ல. மறைச்சதுதான் குறை" என்றார். பிறகு வாலாஜாவைப் பார்த்தார். "நல்லா கவனிச்சிருக்க." மார்க் போட்டார்.

நான் வணக்கம் சொன்னேன். உட்கார்ந்தேன்.

பாடம் தேறவில்லை. தேறாதவர்களுக்குக் கடைசி நாளில் ஒரு மறுபாடம் உண்டு. அதுவும் போனால் அவ்வளவுதான். முதல் பாடத்தையே திரும்ப நடத்தக் கூடாது.

அன்றைக்கு என் பாயை எடுத்து வாசல் பக்கம் போட்டேன். மற்றவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். தண்ணீர்ப் பானையிலிருந்து நானாக மொள்ள வேண்டாம், கேட்டால் ஊற்றுகிறோம் என்றார்கள். கேட்டேன். ஊற்றினார்கள். உயரத்திலிருந்து ஊற்றினார்கள்.

வாலாஜா கிணற்றடியில் வந்து நின்றாள்.

"இத்தினி நாளா வெறும் ஆளா உக்கார்றேன்டி. நீ பாக்கல?"

"பாத்தேன்."

"எல்லாத்தையும் சொல்லிட்டாளுங்க. எனக்கு இன்னா இருந்துச்சு?"

"அது இருந்துச்சு."

"ஊட்ல தறி நின்னு கீது. தெரியுமில்ல?"

"தெரியும்."

வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் பாடம் வந்தது. கோலாட்டம். பெஞ்சில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அரக்கோணம் மெதுவாகச் சொன்னாள்: "ஆம்பூரு, இன்னைக்கு உன் நாளு. உடாத." எனக்கு மார்க் வேண்டும்தான். எழுந்தேன். கடைசி வரிசைக்குக் குரல் எட்டவில்லை என்றேன். எட்டவில்லை. இருந்ததைச் சொன்னேன். இல்லாததைச் சொல்லவில்லை. அரக்கோணத்துக்கு ஏமாற்றம்.

அவள் தேறிவிட்டாள்.

கடைசி நாள் என் மறுபாடம். கை பாதி ஆறியிருந்தது. மேலே பொருக்கு. எனக்குக் கும்மிதான் தெரியும்; வட்டக் கும்மியை விட்டு ஜோடிக் கும்மி எடுத்தேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று உள்ளங்கையோடு உள்ளங்கை அடிப்பது. பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்திவிடலாம். அவர்களில் யாரும் என்னைத் தொட வேண்டியதில்லை. அடித்துக் காட்ட எனக்கு எதிரே மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

"யாரைக் கூப்பிடற?" என்று அம்மாள் கேட்டார்.

பெஞ்சில் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டால் வந்தாக வேண்டும்.

"வாலாஜா" என்றேன்.

அவள் வந்தாள். எதிரே நின்றாள். வெற்றிலை போடாமல் வந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் கையைத் தூக்கினேன். பிள்ளைகளுக்கு அடியைச் சொன்னேன். பிறகு பாட ஆரம்பித்தேன். அவள் கையைத் தொட்டும் தொடாமலும் வைத்தாள். சத்தம் இல்லை. போன தடவை இதில்தான் போனது.

"பலமா அடிக்கா" என்றேன்.

"வேணாம்டி" என்றாள். எனக்கு மட்டும் கேட்டது.

"சத்தம் கம்மியா கீது. அடி."

அடித்தாள். பொருக்கு பிளந்தது. நான் பாட்டை விடவில்லை. தாளம் விடவில்லை. முதல் அடி முடிந்து இரண்டாம் அடிக்குப் போனோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துத் தட்டின. சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வெள்ளையடிக்கிறவர்கள்கூட சன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது. துடைக்க முடியாது. கை என் கையில் இருந்தது.

"இன்னும் பலமா."

அடித்தாள்.

வேகத்தைக் கூட்டினேன். பாட்டு முடிகிற வரைக்கும் அவளை விடவில்லை. வலி எனக்குத்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் என்று சொல்வார்கள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் பாடினேன்.

பாட்டு முடிந்ததும் அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு பெண் வாசலில் நின்று, "இது நல்லா கீது டீச்சர்" என்றது.

மணி அடித்தது. வாலாஜா பெஞ்சுக்குப் போகத் திரும்பினாள்.

"நில்லு" என்றார் அம்மாள். "கிட்டயிருந்து பாத்தவ நீ. இன்னைக்கு முதல்ல நீ சொல்லு."

பயிற்சி முழுக்க முதல் ஆளாகச் சொல்ல அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். எல்லாக் குறையும் அவள் முன்னால் இருந்தது. பெரிய குறை, என் கை ரத்தம், அவள் முந்தானைக்குள் இருந்தது. கையைப் பிரித்துக் காட்டியிருந்தால் போதும். மறுபடியும் புண்ணை மறைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள் என்று ஆகும். என் வேலை அங்கேயே முடியும்.

அவள் நின்றாள். வாய் அசைந்தது. அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிரிக்கலம்மா" என்றாள்.

"என்ன?"

"கும்மி அடிக்கறப்ப மூஞ்சி சிரிச்சாப்புல இருக்கணுமில்ல? இவ சிரிக்கவே இல்ல."

அம்மாள் யோசித்தார். "சரி. நல்ல குறை" என்றார். மார்க் போட்டார். என்னைப் பார்த்து, "சிரிக்கக் கத்துக்க" என்றார்.

மற்றவர்கள் கரும்பலகையில் எழுத்து கோணல் என்றார்கள், பாட்டு வேகம் ஜாஸ்தி என்றார்கள். முந்தானைக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். தேறினேன். கடைசி ஆளாகத் தேறினேன்.

காட்பாடியில் ரயில் ஏறினோம். அவளுக்கு மதராஸ் போகிற வண்டி. எனக்கு ஜோலார்பேட்டை போகிற வண்டி. பிளாட்பாரத்தில் பெஞ்சு ஒன்றுதான் காலியாக இருந்தது. அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். அவள் முந்தானையில் திட்டு காய்ந்து பழுப்பாக இருந்தது. துவைக்கவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லணுமில்ல, ஆம்பூரு."

"ஆமா."

"அதான் சிரிக்கலன்னேன்."

"கேட்டுச்சு."

"கை எப்டி கீது?"

"ஆறிடும்."

முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். உடைத்தாள். பெரிய பாதியை என் பக்கம் பெஞ்சில் வைத்தாள். அவள் வண்டி முதலில் வந்தது. ஏறிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் முறுக்கு அங்கேயே இருந்தது. என் வண்டி வந்ததும் ஏறினேன். அதை எடுக்கவில்லை.

பிறகு அவளைப் பார்க்கவில்லை. எங்கேயாவது பிள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

ஆம்பூர் வந்து தலைமை அம்மாளிடம் தேறியதற்கான தாளைக் கொடுத்தேன். பார்த்தார். "வேலை உனக்குத்தான்" என்றார். பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலையில் மண்டிக்குப் போனேன். மேஸ்திரி என் கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வேலூர்ல கும்மி கத்துக்கினியா, குஸ்தி கத்துக்கினியா?"

"கும்மிதான்."

"இடிக்க முடியுமா?"

"முடியும்."

உலக்கையைப் பிடித்தேன். பட்டையின் துவர்ப்பு புண்ணை இறுக்கும் என்று மண்டியில் சொல்வார்கள். இறுக்கியது. வெடிப்பு மூடிக்கொண்டது. கறை முன்பைவிட ஆழமாக இறங்கிவிட்டது. பள்ளி திறந்த அன்று அந்தக் கையோடு போனேன். வட்டம் போடச் சொன்னேன். ஒரு பிள்ளை என் கையைப் பார்த்து, "டீச்சர், இது இன்னா?" என்றது.

"பட்டைக் கறை" என்றேன். "மண்டில இடிக்கறேன். தட்டு."

அது கொஞ்சம் யோசித்தது. பிறகு தட்டியது. சத்தம் போதவில்லை. இன்னும் பலமாக என்றேன்.